நிழலிலிருந்து உருவத்தை மீட்ட கணிதம்: விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரனின் வாழ்வும் பணியும்

சென்னை, அக். 8: தலையில் அடிபட்டு மயங்கிய ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால், மண்டையோட்டைத் திறக்காமலேயே உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறதா என்பதைச் சில நிமிடங்களில் மருத்துவர்கள் அறிந்துகொள்கின்றனர். அதற்கு உதவும் சி.டி. ஸ்கேன் கருவியின் உள்ளே பல பத்தாண்டுகளாக ஓடிவந்த கணித முறையை வகுத்தளித்தவர்களில் முதன்மையானவர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன். 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி பிறந்த அவருடைய பெயரை உயிர்வேதியியல் மாணவர் அனைவரும் அறிவர். ஆனால் நோயறி படவியலில் அவர் ஆற்றிய பணி, அதனால் நாள்தோறும் பயன்பெறும் மக்களிடையே இன்னும் பரவலாக அறியப்படவில்லை.

பிறப்பும் இளமையும்

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன் என்பது அவரது முழுப்பெயர். திருநெல்வேலிச் சீமையின் கோபாலசமுத்திரம் குடும்பத்தின் பூர்விக ஊர். ஆயினும் அவர் பிறந்தது அன்றைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த எர்ணாகுளத்தில். தந்தை நாராயண ஐயர், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்து பின்னர் அக்கல்லூரியின் முதல்வராக உயர்ந்தவர். கணிதத்தின் மீது மகனுக்கு ஏற்பட்ட பற்று வீட்டிலேயே வேரூன்றியது.

திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் பயின்ற ராமச்சந்திரன், 1942-இல் சென்னைப் பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்றுத் தேறினார். அதே ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தபோது அவர் தேர்ந்தெடுத்த துறை மின்பொறியியல். ஆனால் அங்கே இயற்பியல் துறைக்குத் தலைமை வகித்த சர் சி.வி. ராமனின் ஈர்ப்பு அவரது பாதையை மாற்றியது. இளைஞரின் திறமையை உணர்ந்த ராமன் அவரைத் தம் துறைக்கே மாற்றிக்கொண்டார்.

ராமனின் மேற்பார்வையில் அவர் வைரம் உள்ளிட்ட படிகங்களை எக்ஸ்ரே கதிர்களால் ஆராய்ந்தார். வைரத்தின் உட்குறைகளை எக்ஸ்ரேயால் படமாக எடுக்கும் முறையை 1944-இலேயே கையாண்டார். கண்ணுக்குப் புலப்படாத உள்ளமைப்பை, ஊடுருவிச் செல்லும் கதிர் விட்டுச்செல்லும் தடத்தைக் கொண்டு அறிவது என்ற இந்தச் சிந்தனையே பிற்காலத்தில் அவரது ஆய்வுகள் அனைத்தையும் இணைத்த சரடாக அமைந்தது.

1947-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டம் பெற்ற ராமச்சந்திரன், அவ்வாண்டே இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் சேர்ந்தார். சர் லாரன்ஸ் பிராக் தலைமை வகித்த அந்த ஆய்வகத்தில் வூஸ்டரின் வழிகாட்டுதலில் பணிபுரிந்து 1949-இல் பிஎச்.டி. பட்டம் பெற்றார். அமெரிக்க வேதியியலாளர் லினஸ் பாலிங் அங்கு ஆற்றிய சொற்பொழிவுகள், உயிர்ப்பொருள்களின் அமைப்பைப் பற்றிய ஆர்வத்தை அவரிடம் விதைத்தன. படிப்பு முடிந்ததும் தாயகம் திரும்பி மீண்டும் பெங்களூருவில் பணியேற்றார்.

சென்னையில் தொடங்கிய பொற்காலம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார், புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவர். புதிய இயற்பியல் துறைக்குத் தலைமையேற்குமாறு அவர் முதலில் அழைத்தது ராமனைத்தான். ராமனோ தாம் வர இயலாது என்று கூறி ராமச்சந்திரனைப் பரிந்துரைத்தார். இவ்வாறு 1952-இல், 30 வயதை எட்டும் தருவாயில், ராமச்சந்திரன் கிண்டி வளாகத்தில் துறைத்தலைவரானார்.

அவ்வாண்டில் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னல், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று எடுத்துரைத்தார். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றுக்கு உறுதி தரும் புரதம் அது. பல்கலைக்கழக வளாகத்துக்கு அருகிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது ஆய்வுக்குத் துணைநின்றது. கங்காருவின் வால் தசைநாண் போன்ற மாதிரிகளை எக்ஸ்ரேக்கு உட்படுத்தி, கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து அவர் ஆராய்ந்தார். 1954-இலும் 1955-இலும் நேச்சர் இதழில் வெளியான கட்டுரைகளில், மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கயிறு போன்றதே கொலாஜன் என்று அவர்கள் முன்மொழிந்தனர்.

இந்தச் சங்கிலியில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம். முறுக்கின் நடுவே உள்ள குறுகிய இடத்தில் அதைத் தவிர வேறெதுவும் பொருந்தாது. மரபணுப் பிழையால் அந்த இடத்தில் பெரியதொரு அமினோ அமிலம் அமர்ந்துவிட்டால் கயிறு தளர்ந்துவிடுகிறது. சிறு அதிர்ச்சிக்கே எலும்பு முறியும் பிறவி நோயின் பல வகைகளுக்கு இதுவே காரணம் என்பது பின்னர் தெரியவந்தது.

கொலாஜன் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாக பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறைகூறினர். மூவிழை அமைப்பு என்ற அடிப்படை நிலைபெற்றது. நுணுக்கங்களில் திருத்தம் நேர்ந்தது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற அந்த வினாவையே ராமச்சந்திரன் புதிய ஆய்வாக மாற்றிக்கொண்டார். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும், எவற்றில் இயலாது என்பதைக் கணக்கிட்டு 1963-இல் ஒரே வரைபடத்தில் அடக்கினார். ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெறுவது அதுவே. புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்பு சரிதானா என்று சோதிக்க இன்றும் அது பயன்படுகிறது.

நிழல்களிலிருந்து பொருளுக்கு

1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்த நாள் முதல் மருத்துவத்தில் ஒரு குறை நீடித்து வந்தது. எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல். உடலின் முன்புறம் முதல் பின்புறம் வரை உள்ள எல்லா உறுப்புகளின் சாயலும் ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. விலா எலும்பின் பின்னே மறைந்த கட்டி கண்ணில் படாமல் போகலாம். மண்டையோட்டின் தடித்த எலும்பு, மூளையின் மென்திசுக்களை அறவே மறைத்துவிடுகிறது.

ஒரு பொருளின் நிழல்களை எல்லாத் திசைகளிலிருந்தும் பெற்றால் அப்பொருளின் உள்ளமைப்பைத் துல்லியமாக மீட்கலாம் என்பதை ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோஹான் ராடன் 1917-இலேயே நிறுவியிருந்தார். ஆனால் அது தூய கணிதமாகவே நின்றது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மாக் 1963, 1964-ஆம் ஆண்டுகளில் இதே சிக்கலுக்குத் தனியாக ஒரு தீர்வை வெளியிட்டார். அப்போது அதைக் கவனித்தோர் மிகச் சிலரே. இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு 1960-களின் இறுதியில் கருவியையே உருவாக்கத் தொடங்கினார்.

படிகவியலில் ஃபூரியே கணிதத்தைக் கரைத்துக் குடித்திருந்த ராமச்சந்திரனும் இந்தச் சிக்கலை அணுகினார். 1971-இல் இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, நிழலிலிருந்து பொருளை மீட்டமைத்தல் என்ற பொருள் தருவது. அதே ஆண்டு செப்டம்பரில், ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை அமெரிக்க தேசிய அறிவியல் அகாதெமியின் இதழில் வெளியானது. எக்ஸ்ரே படங்களுக்கும் மின்னணு நுண்ணோக்கிப் படங்களுக்கும் பொதுவான ஒரு மீட்டமைப்பு முறையை அது முன்வைத்தது. அடுத்த மாதம், 1971 அக்டோபர் 1-ஆம் தேதி, லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. இரு முயற்சிகளும் ஒன்றையொன்று சாராதவை.

கணித முறையின் சாரம்

ராமச்சந்திரன் தீர்த்த சிக்கலை எளிதாகவே விளங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு திசையிலும் பதிவான நிழலை, அது வந்த வழியே பின்னோக்கிப் பரப்பினால், எல்லா நிழல்களும் சந்திக்கும் இடத்தில் பொருளின் உருவம் தோன்றும். ஆனால் அது கலங்கலாகவே இருக்கும். ஒரு சிறு புள்ளி கூட, சுற்றிலும் மங்கிப் பரவிய ஒளிவட்டமாகத் தெரியும். மூளையில் உள்ள சிறு கட்டியை அப்படிப்பட்ட படத்தில் பிரித்தறிய முடியாது.

இக்கலங்கலை நீக்கப் பழைய முறை, நிழல்களை எல்லாம் ஃபூரியே உருமாற்றத்துக்கு உட்படுத்தி, ஒருங்கிணைத்து, மீண்டும் உருவமாக மாற்றுவது. அன்றைய கணிப்பொறிகளுக்கு அது பெரும் சுமை. அதோடு, வட்டமாக அமைந்த புள்ளிகளைச் சதுரக் கட்டங்களுக்கு மாற்றும்போது பிழைகளும் புகுந்தன. ஹவுன்ஸ்ஃபீல்டு கையாண்ட வழி வேறு. அவரது முதல் கருவி ஒரு குறுக்குவெட்டுக்கு 28,800 அளவீடுகளை எடுத்தது. அவற்றிலிருந்து 80-க்கு 80 என்ற அளவில் 6,400 கட்டங்களின் மதிப்பைக் காண வேண்டும். ஓர் உத்தேச விடையில் தொடங்கி, அளவீடுகளோடு ஒப்பிட்டுத் திரும்பத் திரும்பத் திருத்தி அவர் உருவத்தை எட்டினார். தொடக்க ஆய்வுகளில் ஒரு படத்தைக் கணக்கிட்டு முடிக்க மணிக்கணக்கில் ஆனது.

ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் காட்டிய வழி இரண்டையும் தவிர்த்தது. பின்னோக்கிப் பரப்புவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் ஓர் எண்வரிசையால் சலித்துவிட வேண்டும் என்பதே அது. ஒரு புள்ளியின் மதிப்பை 0.25-ஆல் பெருக்க வேண்டும். அதன் இருபுறமும் உள்ள முதல் அண்டைப் புள்ளிகளின் மதிப்பில் சுமார் 0.101 பங்கைக் கழிக்க வேண்டும். இரண்டாம் புள்ளிக்கு மதிப்பு பூஜ்யம். மூன்றாம் புள்ளியில் சுமார் 0.011 பங்கைக் கழிக்க வேண்டும். நான்காவது மீண்டும் பூஜ்யம். இவ்வாறு ஒன்றுவிட்டு ஒன்று தேய்ந்துகொண்டே செல்லும் முடிவிலா வரிசையின் மொத்தக் கூட்டுத்தொகை பூஜ்யமாகும். கலங்கலாகப் பரவும் பகுதி இந்தக் கழித்தலால் நீங்கிவிட, உருவம் கூர்மையாக எழுகிறது.

இதன் பயன் இரண்டு. எண்வரிசையின் பாதி இடங்கள் பூஜ்யமாக இருப்பதால் பெருக்கல் வேலை பாதியாகக் குறைகிறது. கருவி சுழலச் சுழல, ஒரு திசையின் நிழல் பதிவான உடனேயே அதைச் சலித்துப் பரப்பிவிடலாம். எல்லாத் திசைகளும் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நோயாளி மேசையில் இருக்கும்போதே படம் தயாராகும் நிலை இதனால் சாத்தியமாயிற்று. ராம்-லாக் வடிகட்டி என்று இருவரின் பெயராலும் இம்முறை பொறியியல் நூல்களில் வழங்குகிறது.

இதே போன்ற ஒரு கணித வழியை வானொலி வானியல் துறையில் பிரேஸ்வெல், ரிடில் ஆகியோர் 1967-இல் வெளியிட்டிருந்தனர். ஆனால் எக்ஸ்ரே படவியலுக்கென எண்வடிவில், கணிப்பொறியில் நேரடியாகப் பயன்படும்படி அளித்த பெருமை ராமச்சந்திரனுக்கும் லட்சுமிநாராயணனுக்கும் உரியது. 1974-இல் ஷெப், லோகன் ஆகியோர் இரைச்சலைக் குறைக்கும் வகையில் இந்த வடிகட்டியில் சிறு திருத்தம் செய்தனர். அதன் பின்னர் வடிகட்டிப் பின்பரப்பும் முறையே சி.டி. கருவிகளின் பொதுமுறையாக நிலைபெற்றது. பெட், ஸ்பெக்ட் ஆகிய அணுமருத்துவப் படமுறைகளும் அதை ஏற்றன.

நோய் அபாயத்தை முன்கூட்டி அறிதல்

வந்த நோயைக் காட்டும் கருவியாகத் தொடங்கிய சி.டி., வரக்கூடிய நோயின் அபாயத்தை மதிப்பிடும் கருவியாகவும் வளர்ந்தது. 1990-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்தர் அகட்ஸ்டனும் உடன் பணியாற்றியோரும், இதயத் தமனிகளில் படிந்த சுண்ணாம்பின் அளவை சி.டி. படத்திலிருந்து மதிப்பெண்ணாகக் கணக்கிடும் வழியை வெளியிட்டனர். மாரடைப்பு அபாயம் யாருக்கு அதிகம் என்று கணிக்க அம்மதிப்பெண் இன்றும் உதவுகிறது. நீண்டகாலம் புகைபிடித்த 53,000-க்கும் மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2011-இல் முடிவு வெளியான ஆய்வில், குறைந்த கதிரளவு சி.டி. பரிசோதனை பெற்றோரிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம், மார்பு எக்ஸ்ரே பெற்றோரைவிட 20 சதவீதம் குறைந்திருந்தது.

மறுபுறம், அபாயத்தைக் காட்டும் கருவியே ஒரு சிறு அபாயத்தையும் சுமந்துள்ளது. இயற்கையான சூழலிலிருந்து ஒரு மனிதர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைப் பெறுகிறார். தலைக்கு எடுக்கும் ஒரு சி.டி. ஏறக்குறைய அந்த அளவையும், வயிற்றுக்கு எடுப்பது அதைப்போல் மூன்று நான்கு மடங்கையும் தருகிறது. சிறு வயதில் சி.டி. எடுத்துக்கொண்ட 1,75,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2012-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு, இரத்தப் புற்றுநோயும் மூளைக் கட்டியும் அவர்களிடம் சற்றே கூடுவதைக் காட்டியது. கூடுதல் பாதிப்பு எண்ணிக்கையில் மிகக் குறைவு. தேவையான பரிசோதனையின் நன்மை அதைவிடப் பெரிது. எனினும் தேவையின்றி எடுக்கக் கூடாது என்ற நெறி இதனால் வலுப்பெற்றது.

கதிரளவைக் குறைத்தால் படத்தில் இரைச்சல் கூடும். ராம்-லாக் வடிகட்டி அந்த இரைச்சலையும் சேர்த்தே கூர்மையாக்கிவிடும். ஆகவே கணிப்பொறிகள் பன்மடங்கு வேகம் பெற்ற பின்னர், 2009-ஐ ஒட்டி, திரும்பத் திரும்பத் திருத்தும் பழைய வழி புதிய வடிவில் மீண்டும் கருவிகளுக்குள் நுழைந்தது. ஹவுன்ஸ்ஃபீல்டு தொடங்கிய பாதையும் ராமச்சந்திரன் வகுத்த பாதையும் இவ்வாறு இன்றைய கருவிகளில் அருகருகே இயங்குகின்றன. கணிப்பொறிகள் மெதுவாக இயங்கிய சுமார் 35 ஆண்டுகள் மருத்துவ உலகைத் தாங்கி நின்றது பின்னதே.

பெங்களூருவும் இறுதிக்காலமும்

சென்னையில் அவரை ஆதரித்த லட்சுமணசாமி முதலியாரின் துணைவேந்தர் பதவிக்காலம் 1969-இல் முடிவுற்றது. அதன் பின் ராமச்சந்திரன் சென்னையை விட்டு நீங்கி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவை நிறுவினார். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் வருகைப் பேராசிரியராகப் பணியாற்றினார். சென்னையில் அவர் வளர்த்த படிகவியல், உயிரியற்பியல் துறை இன்றும் இயங்கிவருகிறது.

1961-இல் இயற்பியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதும், 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதியும் அவரை வந்தடைந்தன. 1979-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, சி.டி. முறையை உருவாக்கியதற்காகக் கார்மாக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் வழங்கப்பட்டது. கொலாஜன், புரத வரைபடம், படமீட்பு என மூன்று துறைகளில் அடித்தளமிட்ட ராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிட்டவேயில்லை.

பிற்காலத்தில் அவர் தர்க்கவியலைக் கணித வடிவில் அமைக்கும் முயற்சியில் ஈடுபட்டார். கர்நாடக இசையிலும் இந்தியத் தத்துவத்திலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு உண்டு. 1945-இல் மணந்த மனைவி ராஜலட்சுமி 1998-இல் மறைந்தது அவரைப் பெரிதும் பாதித்தது. பார்கின்சன் நோயும் அவரை வாட்டியது. சர்வதேசப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்டு பரிசு 1999-இல் அவருக்கு அளிக்கப்பட்டது. 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி சென்னையில் அவர் காலமானார்.

தமிழகத்தை ஒட்டிய சித்தூர் மாவட்டத்தின் பாலசமுத்திரம் போன்ற எல்லையோர ஊர்களின் மக்கள், பெரும் நோய் என்றால் வேலூருக்கோ திருப்பதிக்கோ செல்வது வழக்கம். அங்கே சுழலும் சி.டி. கருவியின் வளையத்துக்குள் அவர்கள் படுத்திருக்கும் சில நொடிகளில், ஆயிரக்கணக்கான நிழல்கள் சலிக்கப்பட்டு ஓர் உருவமாகத் திரள்கின்றன. கத்தியின்றி உடலின் உள்ளே பார்க்கும் அந்த வசதிக்குப் பின்னால், கிண்டியிலும் பெங்களூருவிலும் காகிதத்தில் கணக்கிட்ட ஒரு தமிழரின் உழைப்பும் இருக்கிறது.